சிவப்புப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்
மறுபடியும் அதேதான். காலையில் பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைவதற்குள் போன். நோயாளிகள் ரத்தப் பரிசோதனை முடிவு பார்க்கிற நம் இணையதளத்தைத் திறந்தால் சிவப்புப் பக்கம் வருகிறது, 'இந்தத் தளம் பாதுகாப்பானதல்ல' என்று. இது அசல் தளம்தான் என்று உலாவிக்குச் சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதி.

வேடிக்கை என்னவென்றால், புதுச் சான்றிதழ் போன வாரமே வந்துவிட்டது. நான் வைத்த இலவசக் கருவி ஒழுங்காக வாங்கி வைத்திருக்கிறது. அதை எடுத்துப் போட்டுக்கொள் என்று தளத்தை ஓட்டும் சர்வரிடம்தான் யாரும் சொல்லவில்லை. அது பழையதையே மாட்டிக்கொண்டு நின்றது.

மார்ச் 4, புதன்
வரவேற்பு அக்கா மேசைக் கண்ணாடியில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்: 'சிவப்புப் பக்கம் வந்தால் பயப்பட வேண்டாம். கீழே "தொடரவும்" என்பதை அழுத்தவும்.'

எனக்கு வந்ததே கோபம்! எவனோ போலித் தளம் வைத்து முடிவைக் காட்டுகிறேன் என்று கூப்பிட்டாலும், கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போங்கள் என்று நோயாளிகளுக்கு நாமே பாடம் எடுக்கிறோம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

"அதை எடுங்கக்கா."

"எடுத்துட்டு? நாள் பூரா போன்ல பதில் சொல்றது நீயா, நானா? இனிமே வராதுன்னு சொல்லு, நானே கிழிக்கிறேன்."

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

மார்ச் 5
கிழிக்க வைக்கிறேன். பார்த்துவிடலாம்.

மார்ச் 8, ஞாயிறு
கொழுந்தன் சாப்பிட வந்திருந்தார். சான்றிதழ் பராமரிப்புச் சேவை விற்கிற கம்பெனியில் வேலை. விடுவாரா?

"எங்க சேவைய போடுங்க அண்ணி. எல்லாம் ஒரே திரையில பச்சைப் பச்சையா தெரியும்."

என் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவும் சாக்கில் நழுவிவிட்டார். சமர்த்து! வாங்குவதற்கு முன்னால் சோதிப்பேன் என்றேன். "அண்ணிக்கு என்மேல நம்பிக்கையே இல்ல" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டார். உங்கள்மேல் இருக்கிறது, பச்சைமேல்தான் இல்லை என்றேன்.

மார்ச் 10, செவ்வாய்
சோதனைத் தளம் போட்டாயிற்று. போட்டியில் மூன்று: என் இலவசக் கருவி, சான்றிதழைத் தானே வாங்கித் தானே மாட்டிக்கொள்ளும் புது சர்வர், கொழுந்தனின் சேவை.

நன்றாக ஓடும்போது மூன்றுமே நல்ல பிள்ளைகள்தான். அதனால் ஒவ்வொன்றின் காலையும் வாரிவிடப் போகிறேன். யார் கத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி
ஒருவரும் கத்தவில்லை!

புதுப்பிக்கும் வழியை அடைத்தேன். என் கருவி கம்மென்று இருந்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, இத்தனை நாள் இதைத்தான் தலையில் வைத்துக்கொண்டு ஆடினேன். புது சர்வர் மாட்டுவதில் சூரன், ஆனால் தோற்றால் மூலையில் ஒரு கோப்பில் எழுதி வைப்பதோடு சரி. கொழுந்தனின் சேவையில் வேண்டுமென்றே பழைய சான்றிதழைக் காட்ட வைத்தேன். திரை பச்சை. அது தன் பதிவைத்தான் பார்க்கிறது, வாசலைப் பார்க்கவில்லை.

வாசலில் நின்று, நோயாளி பார்ப்பதை அப்படியே பார்க்க ஆள் வேண்டும் — ஏன் இது முன்பே தோன்றவில்லை?

மார்ச் 17, செவ்வாய்
முடிவு செய்துவிட்டேன். புது சர்வர். கூடவே வெளியிலிருந்து மணிக்கொரு முறை தளத்தைத் தட்டிப் பார்த்து, ஏதாவது கோளாறு என்றால் என் போனில் அலறும் ஒரு காவல் கருவி. அதைக் கொழுந்தனின் கம்பெனி தனியாக விற்கிறது. அதை மட்டும் வாங்கினேன்.

"கல்யாணத்துக்கு வந்துட்டு தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போறீங்களே அண்ணி!"

தாகத்துக்குத் தண்ணீர்தானே வேண்டும்.

மே 18, திங்கள்
புதுச் சான்றிதழ் தானாக வந்தது, தானாக மாட்டிக்கொண்டது. தெருவில் நின்று என் போனில் திறந்து தேதியைப் பார்த்தேன். புதுசு!

அக்காவிடம் ஓடினேன். "இனிமே வராது" என்று ஆரம்பித்து, திருத்திக்கொண்டேன். "வந்தாலும், உங்களுக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

அக்கா நகத்தால் தாளைச் சுரண்டினார். பசை விடவில்லை. ஈரத் துணி கொண்டுவந்து நானே துடைத்தேன்.

ஜூன் 3, புதன்
மத்தியானம் போனில் அக்காவின் குரல் உயர்ந்தது. "என்னது, சிவப்புப் பக்கமா?"

என் போன் அலறவில்லையே? தளத்தைத் திறந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

"அழுத்தாதீங்க. எதையும் அழுத்தாதீங்க, மூடிடுங்க. எந்த லிங்க்ல போனீங்க? ... மெசேஜ்ல வந்துதா? அது நாங்க அனுப்பினதே இல்லீங்க."

போனை வைத்துவிட்டு, சுத்தமான மேசைக் கண்ணாடியை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"ஒரு வெள்ளைத் தாள் குடு."