ஏச ஆளில்லாத வீடு

சிவமயம்
கச்சிராயபாளையம்
12-4-2025

அன்பிற்குரிய மூக்கன் அவர்களுக்கு, அய்யனார் வணக்கத்துடன் எழுதுவது. மலையில் உங்கள் வீட்டார் அனைவரையும் இறைவன் திருவருள் காப்பதாக. இங்கு நலம் இல்லை.

என் மகன் அருள்மொழி சின்னசேலம் சாலையில் கரும்பு டிராக்டரில் மோதி, சேலத்து மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கிறான். மருத்துவர்கள் என் முகத்தைப் பாராமல் கடந்து போகிறார்கள். உங்கள் ஊருக்குக் கைப்பேசி எட்டவில்லை. ஆகவே மலைப் பேருந்து நடத்துநர் பழனியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சித்திரைத் திருவிழா நெருங்குகிறது. மரபுப்படி இறங்கி வாருங்கள். கோயில் வாசலில் எங்களை நிறுத்தி வசை பாடுங்கள்.

இதைப் படித்துக் காட்டும் உங்கள் மகள் தமிழ்ப்ரியாவும் அறியட்டும். சிவந்தான் கவிராயர் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊரில் வாழ்ந்தவர். என் முன்னோர் ஒருவர் மரக்காலின் அடியில் மண்ணை அடைத்துக் கூலி நெல் அளந்தார். கோயில் படையலுக்கும் அதே மரக்கால்தான். கவிராயர் பாடினார்:

மரக்காலில் பாதிக்கு மண்ணடைத்தார், ஈசா
சிரிக்காதே உன்சோறும் தான்.

அதற்காக ஊரைவிட்டே துரத்தினார்கள். மலையில் உங்கள் முன்னோர் சாமைக் கஞ்சி வார்த்துக் காத்தார்கள். 'கஞ்சியா இது, கற்குவியலா?' என்று ஏசிக்கொண்டே மும்முறை வாங்கிக் குடித்தாராம். பாளையக்காரர் பொன் அனுப்பித் தம்மையும் ஏசிப் பாடச் சொன்னபோது மட்டும் மறுத்துவிட்டார். 'அவன் எனக்கு யார், நான் ஏச?' என்றார். சாகும்போது உங்கள் முன்னோரிடம், 'ஆண்டுதோறும் போய் அந்த வீட்டை ஏசுங்கள். ஏச்சு நின்றால் அந்தக் குடி நில்லாது' என்று சொல்லிப் போனார்.

சென்ற ஆண்டு பாட்டின் நடுவில் அருள்மொழி உங்கள் உடுக்கையைப் பிடுங்கி உடைத்தான். உங்கள் ஏச்சு அன்று பாதியில் நின்றது. இன்று அவன் மூச்சு பாதியில் நிற்கிறது. வாருங்கள்.

கைகூப்பும்,
அய்யனார்

*

மேல் மலை
19-4-2025

அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். தமிழ்ப்ரியா.

அய்யா, கும்புடறேங்க. தம்பி சேதி கேட்டு வூட்ல யாரும் சோறு துன்னலீங்க. எங்க மலச்சாமி கரியராமருக்கு வெளக்கு ஏத்தி வேண்டிக்கினோம். பொழச்சிக்குவாரு.

ஆனா பாட வரலீங்க. கோவம்னு நெனக்காதீங்க. கோவமே இல்லீங்க, அதான் பாட முடியல. கோவம் இருந்தா அன்னிக்கே மூஞ்சிக்கி நேரா கேட்டிருப்பேன்.

ஒடஞ்ச ஒடுக்க போனா போவுது. தம்பி என்மேல கை ஓங்கசொல்ல நீங்க பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தீங்க. கண்ண மூடிக்கினு பதிகம் சொல்லிக்கினு இருந்தீங்க. மல ஏறி வரசொல்ல நெஞ்சுல இன்னாவோ அறுந்து பூட்ச்சிங்க. வேண்டியவங்களதான ஏச முடியும்? பொன்னு அனுப்பனவர பத்தி கவிராயரு இன்னா கேட்டாருன்னு நீங்களேதான் எழுதிக்கிறீங்க.

நல்லா இருங்க.
மூக்கன்

*

சிவமயம்
கச்சிராயபாளையம்
6-5-2025

அன்பர் மூக்கன் அவர்களுக்கு,

நேற்று திருவிழா. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நாங்கள் நிற்கும் அதே இடத்தில் நின்றேன். மலைப் பேருந்து வந்தது. நீங்கள் இறங்கவில்லை. மறு பேருந்திலும் இல்லை.

பொறுக்கமாட்டாமல் கவிராயர் வசையை நானே எடுத்துப் பாடினேன். பதிகம் பாடிப் பழகிய வாய். என் குடும்பத்தின் மீதான ஏச்செல்லாம் பண்ணோடு வெளிவந்தது. கூட்டத்தார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் என்னிடம் திருநீறு கேட்டார். இதைவிடக் கேவலம் உண்டா?

மகன் அப்படியே கிடக்கிறான். முழந்தாளில் மலையேறி வரச் சொன்னாலும் வருவேன். என்ன செய்ய வேண்டும் என்றாவது சொல்லுங்கள்.

அய்யனார்

*

சிவமயம்
கச்சிராயபாளையம்
18-6-2025

மூக்கன் அவர்களுக்கு,

சென்ற மடலுக்குப் பதில் இல்லை. ஆயினும் எழுதுகிறேன். அருள்மொழி பிழைத்தான். நேற்று வீட்டுக்கு வந்தோம்.

உங்கள் வசை இல்லாமலே பிழைத்தான். 'கவிராயர் வாக்காம், சாபமாம், எல்லாம் சும்மா' என்று உறவினர் சிரிக்கிறார்கள். உங்களை அழைக்க என்னிடம் இருந்த ஒரே காரணமும் போயிற்று.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவன் கேட்டான்: "மலப் பெரியவரு வந்து ஏசனாராப்பா?"

"இல்லடா."

"நாம வேணாம்னுட்டாரா?"

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கிற்று.

அன்று நான் கண்ணை மூடியது கடவுளைக் காண்பதற்கு அல்ல, என் மகனின் கையைக் காணாதிருக்க. இத்தனை திருமுறை ஓதியும் 'வேண்டாமடா' என்ற ஒரு சொல் என் நாவில் எழவில்லை.

காலையில் தெருவில் இறங்கினால் 'கும்புடறேங்க அய்யா' என்கிறார்கள், கடைக்காரர் எழுந்து நிற்கிறார். என்னைப் பார்த்து 'ஏண்டா இப்படிச் செய்தாய்?' என்று கேட்க இவ்வுலகில் ஒருவருமில்லை. அச்சம் தீர்ந்த பின்னும் அழைக்கிறேன், மூக்கரே. வேறு ஒன்றும் கேட்கத் தெரியவில்லை.

அய்யனார்

*

மேல் மலை
2-7-2025

ஏ அய்யனாரு!

கண்ண மூடிக் கும்புட்ட கெழட்டுக் கொக்கே,
கை ஓங்கசொல்ல எங்கடா போச்சி ஒன் நாக்கே?
ஊருக்கெல்லாம் பதிகம் சொல்லி உருகற வாயி,
திருடன் வந்தும் கொலைக்காத தெருவாச நாயி!

சித்திரக்கி எறங்கி வரேன். துண்ட இடுப்புல கட்டிக்கினு நில்லு. ஒம் புள்ளயும் நிக்கணும். அதுக்குள்ள செத்துகித்துப் பூடாத, கெழவா.

மூக்கன்