ஒத்திகையில் ஓடிய எண்கள்

அன்பு மச்சானுக்கு,

வாக்கு எண்ணும் இடத்துக்குள் போனை அனுமதிக்கமாட்டார்கள். அதனால் எங்கள் டிவி கேமராக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நேற்று ஒத்திகைக்காக, கைக்கு வந்தபடி பொய்யாக அடித்த வாக்கு எண்களைத் திரையில் ஓடவிட்டேன். குறும்புப் புத்தி, ஒவ்வொரு சுற்றிலும் உங்களைப் பின்தங்க வைத்தேன்.

இன்று ஒன்பது சுற்றிலும், ஓர் ஓட்டுகூடப் பிசகாமல், அந்த எண்களே வந்துவிட்டன. "தேர்தலையும் நீங்கதான் நடத்துறீங்களா சார்?" என்று சிரித்த செய்தி ஆசிரியர் இப்போது என் பக்கமே வருவதில்லை.

தோற்றால் போகட்டும், உங்கள் தங்கை என்னைத்தான் திட்டுவாள், பழகிவிட்டது. ஆனால் கடைசியான பத்தாம் சுற்றுக்குக் கீழே, சிரிப்புக்காக இன்னொரு வரியும் அடித்திருந்தேன்: 'முடிவைக் கேட்ட வேட்பாளர் மாரடைப்பால் மரணம்.'

மூன்று முறை அழித்துவிட்டேன். இன்னும் திரையில் நிற்கிறது. முடிவைக் கேட்காமல் கேமராக்காரரோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

விரலை அடக்கத் தெரியாத,
உங்கள் மாப்பிள்ளை