புங்கமரத்தடியில் ஆயில்

9.8.2009, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். வாசலில் கார் நிற்கிற இடத்தில் மறுபடி ஆயில், தோசை அகலத்துக்கு. மல்லிகா பஸ்ஸில் நெல்லிக்குப்பம், என் மாமியார் வீட்டுக்கு. தெருக்கோடி மெக்கானிக் செல்வத்தைக் கூப்பிட்டேன்.

இன்ஜின் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். "வூட்ல மொகத்துக்குப் போடுற பவுடர் இருந்தா எடுத்தாங்க சார்." ம.வின் டப்பாவில் பாதி காலி. வெள்ளையாகத் தூவிவிட்டு, வண்டியைத் தெருவில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தான். குனிந்து பார்த்தால் பவுடரில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. ஆயில் இறக்குகிற போல்ட்டிலிருந்து.

"வாஷர் நஞ்சி போச்சு. போல்ட்டும் சரியா இறுவ மாட்டேங்குது. ரெண்டையும் மாத்திட்டா முடிஞ்சிது. இப்பவே செஞ்சிடட்டா?"

செய் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் தோன்றியது. ம. வண்டியை எங்கே நிறுத்தினாலும், தரையில் விழுகிற ஆயிலை வைத்து இனி எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றேன்.

"வெளாட்டு இல்ல சார். தெனம் குச்சி வுட்டு ஆயில் பாருங்க." முனகிக்கொண்டே போனான். ம.விடம் சொன்னது: பெரிசா ஒண்ணும் இல்லையாம்.

10.8, திங்கள்

ராத்திரி கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சாப்பாடு, கூடவே பி. புராணம். பி. என்றால் பிரபு. சிதம்பரத்தில் ம. வேலை பார்க்கிற ஸ்கூலில் அவரும் வாத்தியார். முழுப்பேர் எழுதக் கை வரவில்லை. வண்டி ம.வின் சம்பளத்தில் வாங்கியது, ஓட்டுவதும் அவள்தான். எனக்கு க்ளட்ச் என்றாலே கால் நடுங்கும். ரிவர்ஸ் எடுக்க பி.தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். நிதானமாகச் சொல்லித் தருவாராம்.

சாம்பாரில் பெருங்காயம் போட மறந்தவள், அந்த ஆள் பேரை மட்டும் மறக்கவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

11.8, செவ்வாய்

லீவு போட்டேன். ம. கிளம்பிய பிறகு சிதம்பரம் பஸ். நின்றுகொண்டே.

ஸ்கூல் வாசல் பூராவும் தேடினேன். ஒரு சொட்டு இல்லை. பி. வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன், கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். எதிரே புங்கமரம். சந்து முனையிலிருந்து பார்த்தபோது நம் வண்டி தெரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், நிற்கிறது. மரத்துக்கு மறுபக்கம். அடியில் ஆயில், புதுசும் பழசுமாக, கோலத்தின் ஓரம் வரைக்கும். தொட்டு மோந்து பார்த்தேன். வண்டியே நிற்கும்போது எதற்கு மோந்து பார்க்க வேண்டும்? தெரியவில்லை. பழசு எத்தனை நாள் பழசு என்று பார்க்கத்தான்.

உள்ளேயிருந்து ஒரு வயசான அம்மா. "யாருப்பா அது, தரையப் போயி மோந்து பாக்குற?"

"முனிசிபாலிட்டி."

"அப்ப இந்தக் கொழாயையும் பாத்துட்டுப் போ. தண்ணியே வர்ல."

குழாயையும் பார்த்துவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் வாங்கிய வேர்க்கடலை அப்படியே பையில்.

12.8, புதன்

லேசாகத் தூறல். ம. தலை பின்னிக்கொண்டே, தானாகவே:

"ஸ்கூல் வாசல்ல வெயிலு தாங்கலைங்க. வண்டிய பிரபு சார் வூட்டு மரத்தடியில வுட்டுட்டு நடந்து போயிடறேன். நேத்து அவுங்க அம்மா ஒண்ணு சொன்னாங்க பாருங்க, சிரிச்சி சிரிச்சி வயிறே வலிக்குது. யாரோ முனிசிபாலிட்டி ஆளாம், தரைய மோந்து பாத்துட்டுப் போனானாம்!"

நானும் சிரித்தேன்.

நிழலுக்காகத்தான். சரி. அந்த ஊரில் வேறு மரமே இல்லையா? ஆயில் குச்சியைத் தொடவில்லை. பார்க்கவும் தோன்றவில்லை.

13.8, வியாழன்

ஆபீசில் ஆடிட், லேட். வந்தால் வாசலில் இரண்டு கார், நடுவில் கயிறு. உள்ளே என் நாற்காலியில் பி. என் டம்ளரில் காபி. நினைத்ததைவிட உயரம். நல்ல முடி.

திரும்பி வருகிற வழியில், ஆலப்பாக்கம் கிட்டே, டாஷ்போர்டில் ஆயில் சிவப்பு லைட் எரிந்து, வண்டி டக்கென்று நின்றுவிட்டதாம். இருட்டுகிற நேரம், பக்கத்தில் உரசுகிற மாதிரி லாரிகள். பி. சிதம்பரத்திலிருந்து வந்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"நீங்க வந்து என்னாங்க பண்ணுவீங்க?"

கோபமே இல்லாமல் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

14.8, வெள்ளி

செல்வம் வந்தான். போல்ட் வழியிலேயே கழன்று விழுந்திருக்கிறது. ஆயில் பூரா கொட்டி இன்ஜின் ஜாம்.

"ஞாயித்துக்கெழமையே மாத்திடலாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேனே சார். பவுடர்லாம் போட்டுக் காட்டுனேனே."

ம. பக்கத்தில்தான் நின்றாள். உள்ளே போய்ப் பவுடர் டப்பாவை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். செல்வம் போனதும் கேட்டாள்.

"தரைய மோந்து பாத்தது நீங்கதானா?"

எந்தத் தரை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

நாளைக்கு ஆகஸ்ட் பதினைந்து. கொடியேற்றத்துக்கு அவள் விடிகாலையே கிளம்ப வேண்டும். பி.யின் அக்கா வீடு இங்கே நம் ஊரிலேயே, மஞ்சக்குப்பத்தில்தான், இன்றைக்கு அங்கே தங்குகிறாராம். காலையில் நம் வாசலுக்கே வந்து கூட்டிப் போவாராம்.

"பிரபு சார் வண்டி ஒழுவாது." புடவையை அயர்ன் பண்ணிக்கொண்டே சொன்னாள். "தேடிக்கிட்டு வராதீங்க."