கடைசியில் ஒரு எச்

என் அன்பின் நஸீரா,

உனக்காக நாற்பதாம் நாள் கத்தம் ஓத இன்னும் நான்கு நாள் இருக்கிறது. உள்துறைமுக வீதியில் நம்முடைய கப்பல் முகவர் அலுவலகம் அப்படியேதான் கிடக்கிறது. மனேஜரும் தன் கண்ணாடி அறைக்குள் அப்படியேதான் வீற்றிருக்கிறார். அந்த மனுசனைப் பற்றித்தான் இன்றைக்கு உன்னோடு கதைக்க வேண்டும். வயிறு எரிகிறதடி.

ஊரடங்கு என்று கிண்ணியாத் துறையில் படைக்காரர் படகை மறித்துவிட்டார்கள். காய்ச்சலோடு கிடந்த உன்னை இக்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர ஏலாமல் போய்விட்டது. நீ கண்மூடி மூன்றாம் நாள்தான் நானும் மனேஜரும் உன் வீட்டுக்கு வந்தோம். இருக்கச் சொன்ன கதிரையில் இருக்கவும் இல்லை, உன் உம்மாவிடம் அந்த மனுசன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அம்மா, மகள் பாஸ்வேட் ஏதும் எழுதி வைச்சவவோ?"

உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், காவலரணில் காட்டுகிற உன் பாஸை எடுத்து வந்தா. "இந்தாங்க மகன், அவட பாஸ். இது இல்லாம அவ ஒரு நாளும் வெளிக்கிட மாட்டா." அந்த மனுசன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாயில் போட்டார். சீ! நான்தான் எடுத்து உம்மாவின் கையில் கொடுத்தேன்.

நடந்தது இதுதான். கொழும்புக்குப் போகிற கப்பல் பத்திரங்களில் கணினியிலேயே கையெழுத்து வைக்க நீ எழுதிய நிரலுக்கு, பூட்டிய சான்றிதழ்க் கோப்பு ஒன்று வேண்டும். பூட்டியவள் போய்விட்டாள், கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று தலைமையகம் எழுதியது. மாற்றுவதென்றாலும் முதலில் பழையதைச் சொல்லித் திறக்க வேண்டுமே. மனேஜர் தன் பெயரை அடித்தார், மகளின் பெயரை அடித்தார், கார் இலக்கத்தை அடித்தார், கப்பல்களின் பெயரையெல்லாம் அடித்தார். தன்னைச் சுற்றித்தான் உலகமே பூட்டியிருக்கிறது என்ற நினைப்பு!

ஒன்றும் திறக்கவில்லை என்றதும் தலைமையகத்துக்குக் கடிதம் எழுதினார். நீ வேண்டுமென்றே மறைத்துவிட்டுப் போனாயாம், பாதுகாப்புப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டுமாம். இந்தக் காலத்தில் அந்த ஒரு வரி யாருடைய படலையைத் தட்டும் என்று அவருக்குத் தெரியாதா? உன் வாப்பாவை ஏற்றிக்கொண்டு போனால் எந்த முகாமில் போய்க் கேட்பது? கடிதம் மறுநாள் தபாலில் போக இருந்தது.

உன் நிரலை அன்றைக்கே திறந்து வாசித்தேன். கோப்பைத் திறக்கிற வரிக்கு மேலே நீ குறிப்பு எழுதியிருந்தாய்: "வரவுப் புத்தகத்தில் நான் இங்கிலீஷில் எழுதுகிறபடி என் பெயர். மனேஜருக்குச் சொல்லியாச்சு." ஐயோ, நஸீரா! சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. நீ சொன்னபோது "ஓம் ஓம்" என்று தலையை ஆட்டியிருப்பார், வேறென்ன.

கடவுச்சொல்லை மாற்ற நானே இரண்டு வரி நிரல் எழுதினேன்: பழையதைச் சொல்லித் திறக்க ஒரு வரி, புதியதைச் சொல்லிப் பூட்டி எழுத இன்னொரு வரி. சோதனைக் கோப்பு ஒன்றில் முதலில் செய்து பார்த்தேன். உள்ளே இருக்கிற திறப்பை, கையெழுத்து வைக்கிற அந்தச் சாவியை, வெளியே எடுக்கலாம் என்ற அனுமதியைத் திறக்கும்போதே கொடுக்க மறந்துவிட்டேன். திறப்பு இல்லாத வெறும் சான்றிதழ் வந்தது. நீ இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாய். அதைத் திருத்திவிட்டு மனேஜரைக் கூப்பிட்டேன்.

"சேர், நீங்களே அடியுங்கோ. அவவிட பேர்தான்."

விரல் அந்தரத்தில் நின்றது. "அந்தக் கிண்ணியாப் பிள்ளைக்கு... என்ன பேர்?"

நாலு வருஷம்! காலையில் நீ பெயர் எழுதுவாய், பக்கத்தில் அவர் கையெழுத்து வைப்பார். வரவுப் புத்தகத்தை அவர் முன்னால் தொப்பென்று போட்டேன். ஒற்றை விரலால் தட்டினார்.

"பிழை எண்டு வருதே?"

"கடைசியில ஒரு எச் இருக்கு, சேர். நாலு வருஷமா இருக்கு."

எச் எழுத்தையும் சேர்த்து அடித்தார், கோப்பு திறந்தது. புதுக் கடவுச்சொல்லை அவர் அடிக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்க்கவும் தேவையில்லை, தன் பெயராகத்தான் இருக்கும்.

"இனிப் பழைய பாஸ்வேட் வேலை செய்யாதுதானே?"

"இது புதுப் பிரதி, சேர். பழைய கோப்பு இன்னும் அவவிட பேருக்குத்தான் திறக்கும். அதை நான் அழிக்கிறன். நீங்கள் அந்தக் கடிதத்தைக் கிழியுங்கோ."

கிழித்தார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. அந்த வாயிலிருந்து வந்தாலும் எனக்கு அது வேண்டாம்.

கிழித்த துண்டுகள் என் கைப்பையில் இருக்கின்றன. படகு ஓடினால் கத்தத்துக்கு வந்து, வாப்பாவின் கண்ணுக்கு முன்னாலேயே உங்கள் குசினி அடுப்பில் போடுவேன். இனி இந்த அலுவலகத்தில் உன்னை ஒருவரும் கிண்ணியாப் பிள்ளை என்று கதைக்க விடமாட்டேன். பெயரைச் சொல்லட்டும், எழுதினால் எச்சோடு எழுதட்டும்.

உன் உம்மா தன் மற்ற மகள் என்று கூப்பிடுகிற,
பவானி அக்கா