ராம்தாஸ் கப்பலில் ஏறாத அண்ணனுக்கு

என் அண்ணாத்தே,

நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின மாசம் அது. ஊரில் கொடியேற்றக் கம்பம் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் பம்பாய்க் கடலில் ராம்தாஸ் கப்பல் கவிழ்ந்து கும்பல் கும்பலாக ஜனங்கள் செத்தார்கள். நீ அங்கே துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தாய். எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

உன்னோடு தங்கியிருந்த திருமழிசைக்காரர்தான் தந்தி அடித்தார். அமாவாசைக்கு அக்கரையிலிருக்கும் சிநேகிதன் வீட்டுக்கு நீ அந்தக் கப்பலில் போனாயாம். குத்தம்பாக்கத்தில் உடம்பு கிடைக்காமலே உனக்குக் கருமாதி செய்தோம். ஏரிக்கரையில் அண்ணியின் தாலியை அவிழ்த்தார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண். அழவில்லை, வெறும் கழுத்தையே தடவிக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் நீ திருநின்றவூரில் ரயிலை விட்டு இறங்கி, நடந்தே வந்து வாசலில் நின்றாய். டீ குடிக்கப் போய்க் கப்பலைத் தவறவிட்டதும், மறுநாள் தரைவழியாகச் சிநேகிதன் ஊருக்குப் போய்க் காய்ச்சலில் கிடந்ததும் அப்புறம்தான் தெரிந்தது. அம்மா உன்னைக் கட்டிக்கொள்ள ஓடினாள். பெரியப்பா குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"கருமாதி ஆனவன் ஊட்டுக்குள்ள வரக்கூடாதுடா. மறுபடி பொறந்துதான் வரணும்."

பிறந்தாயே அண்ணாத்தே! மீசை வைத்த ஆளைப் புடவைத் தூளியில் போட்டார்கள். முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கியது. "அழுவுடா, கொயந்தன்னா அழுவணும்!" என்று மாமன் கிள்ளினார். நீ சிரித்தாய். காது குத்தி, முனுசாமியாக இருந்த உனக்குக் கன்னியப்பன் என்று பேர் வைத்து, அதே அண்ணிக்கு மறுபடியும் தாலி கட்ட வைத்தார்கள். அண்ணி குனிந்த தலை நிமிராமல், எல்லார் காதிலும் விழ, "இன்னொரு தபா கப்பல்ல ஏறப் போனே, நானே புடிச்சுத் தள்ளிடுவேன்" என்றாள். அதற்குப் பிறகு பூண்டி ஏரிக்குப் போனபோதுகூட நீ படகில் ஏறவில்லையே.

இந்த ஆடியில் நிஜமாகவே போய்விட்டாய். நாம் கடலை போட்ட கொல்லையில் இப்போது அடுக்கு வீடு. உன் சாவுக்கு அங்கே குடியிருக்கும் மதுரைப் பக்கத்துக் கம்ப்யூட்டர் பிள்ளைகள்கூட வந்து நின்றார்கள்.

பதினாறாம் நாள் பங்காளி வீட்டுப் பெண்கள் புடவையும் கையுமாக வந்து அண்ணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவள் தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"ஒரு தபா அவுத்தீங்க. அந்தாளு வந்து நின்னாரு. தபாவுக்குத் தபா அவுத்துக் குடுக்கவா நான் கீறேன்?"

"மொறைன்னு ஒண்ணு கீதே ஆயா. ஊரு இன்னா சொல்லும்?"

நான் தடியை ஊன்றிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். "முனுசாமிக்கு அன்னிக்கே கருமாதி ஆச்சு, தாலியும் அவுத்தாச்சு. ஒரே ஆளுக்கு ரெண்டு தபாவா? எந்த ஊரு மொறை அது?"

"அப்போ கன்னியப்பனுக்கு?" என்று ஒருத்தி மடக்கினாள்.

"கன்னியப்பன் எனக்கப்புறம் பொறந்தவன். ஊட்டுக்குப் பெரியவன் நான் சொல்றேன், எழுந்து போங்க."

போய்விட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டேதான். உன்னைவிடப் பெரியவன் என்று சொன்னதில் உனக்குக் கோபமா, சிரிப்பா?

நான் இருக்கும்வரை அந்தக் கழுத்துப் பக்கம் எவர் கையும் போகாது. எனக்குப் பிறகும் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் பேத்தியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அன்றைக்குத் தாலியை அவிழ்த்தவர்கள், தூளியை ஆட்டியவர்கள், அட்சதை போட்டவர்கள் எல்லாரும் உன்னிடமே வந்துவிட்டார்கள். என்னை விட்டால் மிச்சமிருப்பது ஒருத்திதான். உன் அலமேலு.

உன் தம்பி,
கோவிந்தன்