ரேடியேட்டருக்கு அடியில் வைத்த கட்டைகள்

அக்கா,

டிவி பக்கத்தில் இரண்டு மரக்கட்டைகள் கிடக்கின்றன. விரல் தடிமன்தான். இன்று காலை தூசி தட்ட எடுத்தபோது துரு வாசனை அடித்தது. பாஸ்டனில் உன் வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டரின் துரு. தாம்பரத்து வெக்கையில் இத்தனை மாதம் கிடந்தும் அந்த வாசனை போகவில்லை.

அம்மா போனபோது உன்னால் வர முடியவில்லை. பனி கொட்டுகிறது, விமானம் எதுவும் கிளம்பவில்லை என்று போனில் அழுதாய். நானோ ஆத்திரத்தில் இருந்தேன். "அம்மாவை விட உனக்குப் பனி பெருசா பூடுச்சா? இனிமே இந்த வூட்டுப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டேன். நீயும் ரோஷக்காரி. ஒன்பது வருஷம் போன் இல்லை.

பிறகு ஒரு சாயங்காலம் கூப்பிட்டாய். உனக்கு அது காலை நேரம். நலமா என்று நீ கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"டேய், நீ பாய்லர்காரன்தானே? இந்த வீட்டுல ஒரே சத்தம்டா. யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரி கீது."

மறைமலை நகர் தொழிற்சாலை கேன்டீனில் இட்லிக்கும் சோற்றுக்கும் முப்பது வருஷம் நீராவி போட்டவன் நான். போனை ரேடியேட்டர் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். டங், டங், டங். கேட்டதுமே புரிந்துவிட்டது. உங்கள் ஊர்ப் பழைய வீடுகளில் நீராவியால் வீட்டைச் சூடாக்குகிறார்கள். நீராவி ஆறினால் தண்ணீர். அது வந்த குழாய் வழியாகவே திரும்பிப் போக வேண்டும். தரை சரிந்து ரேடியேட்டர் மறுபக்கம் சாய்ந்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். புது நீராவி வந்து அதில் மோதும்.

"குழாயும் வால்வும் இல்லாத பக்கத்து ரெண்டு காலுக்கும் அடியில ஒவ்வொரு கட்டை வை. சின்ன ரேடியேட்டர்தானே, ஒரு கம்பிய வுட்டு நெம்பு, தூக்கிக்கும்" என்றேன். மறுநாளே கூப்பிட்டாய். "ஒரு சத்தமும் இல்லடா!" சிறு பெண் போலச் சிரித்தாய். எனக்கும் தலைகால் புரியவில்லை.

ஆனால் அடுத்த குளிருக்கு மறுபடியும் சத்தம். "கட்டை வெச்ச மாதிரிதான் கீது, அப்பவும் அடிக்குது" என்றாய். வால்வை முழுசாகத் திறந்திருக்கிறாயா என்று கேட்டேன். காற்று போகும் துளை அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். ஒரு வாரம் இப்படிப் போகும், பிறகு தானாக நின்றுவிடும். அதற்கடுத்த வருஷமும் அதே கதை. எனக்கு மானம் போனது. பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் ஒரு பழைய வால்வை வாங்கி வந்து பிரித்துப் போட்டுப் பார்த்தேன். "உன் வீடே சாயுது, வித்துட்டு வா" என்று எரிந்து விழுந்தேன். நீ சிரித்தாய். நடுநடுவே முருங்கை காய்த்ததா என்பாய், அம்மா படத்துக்கு யார் பூ வைக்கிறார்கள் என்பாய். ஏழு குளிர்காலம் இப்படியே ஓடியது.

உன் அஸ்தியைக் கடலில் கரைக்க வந்த உன் பெண் கிளம்பும்போது இந்தக் கட்டைகளை என் கையில் வைத்தாள்.

"மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். குளிர் ஆரம்பிச்சா அம்மா இதை உருவி எடுத்துட்டு அப்புறம்தான் உங்களுக்கு போன் பண்ணுவாங்க. பேசி முடிச்சு மனசு நிறைஞ்சதும் திரும்ப வெச்சிடுவாங்க."

அடிப்பாவி! அறுபது வயதுக்கு மேல் கம்பியை விட்டு நெம்பினாயா? அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததே நான்தானே. சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லுவேன் என்று பீற்றிக்கொண்ட காதுக்கு, கட்டை இல்லை என்பது ஏழு வருஷமாகத் தெரியவில்லை. சிரிப்பு வந்தது. பிறகு உட்கார்ந்து அழுதேன். அன்று சொன்னது தப்பு அக்கா. ஒவ்வொரு போனிலும் அதைச் சொல்லத்தான் நினைத்தேன். வால்வைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

"கட்டையை எடுத்துக்கினு போம்மா, இல்லேன்னா சத்தம் வருமே" என்றேன் உன் பெண்ணிடம்.

"வரட்டும் மாமா" என்றாள்.

இன்று சாயங்காலம் போன் வந்தது. "மாமா, ஆரம்பிச்சிடுச்சு, கேளுங்க" என்று போனை ரேடியேட்டர் பக்கம் நீட்டினாள். டங், டங், டங். வால்வு என்று வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன்.

"அது கிடக்கட்டும். நீ எப்படிம்மா இருக்கே?"

 அம்மா இல்லாத வீடு எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் பேசினோம் அக்கா. பின்னால் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது. சத்தத்தைப் பற்றி இருவரும் பேசவே இல்லை.