ஆட்சேபணை ஏதுமின்றி

அடையாறு, சென்னை – 20
பிப்ரவரி 8, ஞாயிறு

அன்பு மகள் ஜொவிட்டாவுக்கு அம்மா எழுதுவது.

அப்பாவும் நானும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். அப்பாவுக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்லை. நீ அந்தக் குளிரில் காதை மூடிக்கொள்கிறாயா இல்லையா? போனில் கேட்டால் ‘ம்’, ‘சரிம்மா’, ‘சிக்னல் இல்லம்மா’ என்று மூன்றே பதில். ஆறு மாதமாக அதே மூன்று. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

இதை உன் கையில் கொடுக்கிற பெண் பெயர் வர்ஷினி. அசோக் நகர்ப் பிள்ளை, காலேஜ் முதல் வருஷம். இந்த வருஷம் அண்டார்க்டிகா போகிற மாணவர்களில் இவளும் ஒருத்தி. கூட்டிப்போகிற குழுவில் நீ இருப்பது தெரிந்து, அக்காவுக்கு ஏதாவது கொடுத்தனுப்பணுமா ஆன்ட்டி என்று நேற்று விலாசம் தேடி வந்துவிட்டாள். மாங்காய்த் தொக்கு ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டுப் பொருளைப் பனியில் இறக்கக்கூடாதாமே, கப்பலிலேயே தின்று தீர்த்துவிடு.

அவளும் சரியான வாயாடி. ஜூலையில் அவள் காலேஜுக்கு வந்து நீ பேசினாயாம். அன்றைக்கே இவள் விண்ணப்பம் போட முடிவு பண்ணிவிட்டாளாம். பெங்குவின் கதை சொல்வாய் என்று எல்லோரும் உட்கார்ந்திருக்க, நீ அப்பார்ட்மென்ட் மீட்டிங் கதையைச் சொன்னாயாமே.  காபி ஆற்றுகிற சாக்கில் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஜொவி, சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். மூன்று வருஷம் முன்னால் நீ முதல்முறை அங்கே போனபோது நான் போட்ட ஆட்டம் உனக்குத் தெரியும். சாந்தோம் கோயிலில் பூசைக்குக் கொடுத்தேன், மூன்று மாடிக்கும் கேக் கொடுத்தேன், லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் என் மகள் தென் துருவத்தைக் காப்பாற்றப் போகிறாள் என்று அளந்தேன். நீ திரும்பி வந்து, பனிக்கட்டி உருகும்போது உள்ளே அடைபட்ட காற்று பட்பட்டென்று வெடிக்கும் என்று சொன்னதைக்கூட, ஏதோ நானே காதால் கேட்டதுபோல ஊரெல்லாம் சொன்னேன்.

பின்பக்கத்து மழைநீர்க் குழிகள் நான்கையும் மூடி, சிமென்ட் போட்டு, ஆறு கார் நிறுத்தலாம் என்று ஜூன் மாத மீட்டிங்கில் தீர்மானம் வந்ததே, அப்போது அந்தப் பெருமையெல்லாம் எங்கே போயிற்று? நீ எழுந்து நின்றாய். தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டாய். அங்கே நான் உன் அம்மா இல்லை, அப்பார்ட்மென்ட் செக்ரட்டரி. ஓனர்கள் மட்டும்தான் பேசலாம், ஃப்ளாட் என் பேரில் இருக்கிறது, உட்காரு என்றேன். இருபது பேர் எதிரே. கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்த தையல்காரத் தேவானை மட்டும், அந்தப் பொண்ணு சொல்றது நாயம்தானே என்றாள். அவளையும் அதே சட்டத்தைச் சொல்லி உட்கார வைத்தேன்.

அதோடு விட்டேனா? முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீசில் மீட்டிங் மினிட்ஸ் எழுதிய கை இது. ‘ஆட்சேபணை ஏதுமின்றி ஏகமனதாக நிறைவேறியது’ என்று அழகாக எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினேன். நீ அதைப் படித்துவிட்டு வந்து, நான் பேசவே இல்லையாம்மா என்று கேட்டாய். பிள்ளைகள் பேசுவதெல்லாம் மினிட்ஸில் ஏறாது என்றேன். நீ சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. நேரே அறைக்குப் போய்விட்டாய். ஆகஸ்டில் அந்த அண்டார்க்டிகா குழுவிலேயே வேலை என்று பெட்டியைக் கட்டிவிட்டாய். ஏர்போர்ட்டுக்கு அப்பா வந்தார். எனக்குத் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். தலைவலியும் இல்லை ஒரு மண்ணும் இல்லை, கொழுப்பு.

நீ போன பிறகு உன் ஃபைலில் ஒரு தாள் கிடைத்தது. முதல் பயணத்தில் கப்பலில் கடைசி நாளன்று, ஊருக்குப் போய்ச் செய்யப்போகும் ஒரே ஒரு வேலையை எழுதச் சொன்னார்களாமே, அது. உலகத்தைத் திருத்துகிறேன் என்று எழுதியிருப்பாய் என்று பார்த்தால், ‘எங்கள் வீட்டு மழைநீர்க் குழிகளைத் தூர் வாருவேன்’ என்று இருக்கிறது. அவ்வளவு தூரம் போய் நீ நம் வீட்டுக் கொல்லையைத்தான் நினைத்திருக்கிறாய். நான் அதைத்தான் மூடினேன்.

நவம்பர் மழையில் நடந்ததை அப்பா உனக்குச் சொல்லவில்லை என்கிறார், நான் சொல்கிறேன். பின்பக்கத்துத் தண்ணீர் போக வழியில்லாமல் நேரே தேவானை வீட்டுக்குள் போயிற்று. முழங்கால் அளவு. தையல் மெஷின் மோட்டார் போயிற்று. ஒரு கல்யாண வீட்டுக்குத் தைத்து வைத்த ரவிக்கைகள் முப்பதும் சாக்கடைத் தண்ணீரில் ஊறிவிட்டன. பதினோரு வருஷமாகச் சேர்த்த வாடிக்கையை விட்டுவிட்டு, வியாசர்பாடியில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். ஆட்டோவில் ஏறும்போது நான் போய் நின்றேன். திட்டுவாள் என்று பார்த்தேன். இன்னா மேடம், உன் பொண்ணு அங்க நல்லாக்கீதா, குளிரு தாங்குதா என்று கேட்டாள். 

போன மாதம் மீட்டிங் கூட்டி, குழிகளைத் திறக்க வேண்டும் என்று நானே தீர்மானம் கொண்டுவந்தேன். ஒன்பதுக்கு ஏழு, தோற்றுவிட்டேன். கார் வைத்திருக்கிறவன் விடுவானா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அப்பா முணுமுணுத்தார். செக்ரட்டரி வேலையை விட்டுவிட்டேன். நம் கார் நிற்கிற இடத்துக்குக் கீழே இருந்த குழியை மட்டும் ஆள் வைத்து உடைத்துத் திறந்தாயிற்று. நான்கில் ஒன்று. நம் கார் இப்போது தெருவில் வெயிலில் காய்கிறது, காயட்டும்.

இதெல்லாம் போகட்டும். வர்ஷினி கிளம்பும்போது ஒன்று கேட்டாள். ஆன்ட்டி, அக்கா சொன்ன அந்த மீட்டிங்கில் நீங்களும் இருந்தீங்களா, அந்த செக்ரட்டரி யாரு, அக்கா பேரைச் சொல்லவே மாட்டேன்னுட்டாங்க என்றாள். அத்தனை பிள்ளைகளுக்கு முன்னால் நின்று, அவ்வளவு கோபத்திலும், நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நீ பேசியதையே நான் மினிட்ஸில் ஏற்றவில்லை. நீ என் பேரை மறைத்துக் காப்பாற்றியிருக்கிறாய். அந்தப் பெண்ணிடம் நான்தான் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. இருந்தேன்மா என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

வழியனுப்ப வராத நான் இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், ஏற்றுக்கொள். ஆண்டவர் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஒரே ஒரு வேண்டுதல், ஜொவி. அந்தப் பிள்ளைகளிடம் மறுபடியும் அந்தக் கதையைச் சொல்லும்போது, செக்ரட்டரி யார் என்பதையும் சொல்லிவிடு. செக்ரட்டரி லூயிசா மேடம் என்று சொல்லாதே. எங்க அம்மா என்றே சொல்லு.

உன்
அம்மா